அழைப்பிதழில் போட்ட ஐந்து மணி

அக்காவைப் பற்றி இந்த நினைவு மலரில் நான் எழுதப்போகிறேன் என்று தெரிந்ததும் முதலில் கவலைப்பட்டவர் அத்தான்தான். "இவன் பகிடி விட்டுப் பழுதாக்கிப்போடுவான், ஆரும் பக்கத்தில இருந்து பாருங்கோ" என்று சொல்லியிருக்கிறார். மலரைத் தொகுக்கும் அக்காவின் மகள் துளசி அதற்கு மசியவில்லை. "மாமா, அம்மா வாசிச்சாச் சிரிக்கிற மாதிரி எழுதுங்கோ. அழுற மாதிரி எழுத நிறையப் பேர் இருக்கினம்" என்றாள். ஆகவே உறவினர்களே, நண்பர்களே, ஏதாவது பிழைத்தால் துளசியைப் பிடியுங்கள். எனக்கு உத்தரவு கிடைத்துவிட்டது.

அக்கா கோண்டாவிலில் பிறந்தார். எங்கள் வீட்டின் மூத்த பிள்ளை அவர், கடைசி நான். அப்பா பஸ் டிப்போவில் ரைம் கீப்பராக இருந்தார். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று மணிக்கூட்டைப் பார்த்து விசில் ஊதுவது அவருடைய வேலை. அந்த மணிக்கூடு முழுக்க அக்காவின் இரத்தத்தில் கலந்துவிட்டது. எனக்கு வந்து சேர்ந்தது விசில் மட்டுந்தான்.

சண்டையும் இடம்பெயர்வும் எல்லாக் குடும்பங்களையும் போல எங்களையும் அலைத்தன. அவற்றைப் பற்றி அக்கா ஒருநாளும் நீட்டிப் பேசியதில்லை, நானும் நீட்டவில்லை. அத்தானைக் கைப்பிடித்து அவர் மெல்பேர்ண் வந்தபோது, பொறியியல் படித்த அத்தானுக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு தொழிற்சாலையில் இரவு முழுவதும் பெட்டி அடுக்குவது. அக்கா பகலில் ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்தார். கைக்குழந்தையாக இருந்த துளசியை ஸ்பிரிங்வேல் ரயில் நிலையத்துக் கார்ப்பார்க்கில் வைத்து ஒருவரிடமிருந்து மற்றவர் வாங்குவார்களாம். ஒருவர் பிந்தினால் மற்றவருக்கு வேலை போகும். அந்தக் காலத்தில் இருவரும் ஒருநாள்கூடப் பிந்தியதில்லை என்று அக்கா சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். தங்கப் பதக்கம் வாங்கியவர்கள்கூட அப்படிச் சொல்லமாட்டார்கள்.

பிற்பாடு நான் படிக்க வந்தேன். ஒரு மாதம் அவர்களோடு தங்கிவிட்டு வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லித்தான் வந்தேன். துளசி பல்கலைக்கழகம் போகும்வரை அந்த மாதம் முடியவில்லை.

இனி நான் எழுத ஆசைப்பட்ட இடத்துக்கு வருகிறேன். இதை எழுதத் தொடங்கும்போதே கை துறுதுறுக்கிறது.

எங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைகளில் அக்கா பாலர் வகுப்பு எடுத்தார். அத்தான் அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைவர். எங்கள் சனத்தில் ஒருவர் தலைவராக வேண்டுமென்றால் தெரிவுக் கூட்டத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் போதும். வராதவருடைய தலையில்தான் பதவியை வைப்பார்கள். அத்தான் அப்படித் தலைவரானவர்.

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு மணி பார்க்கப் பழக்குவது அக்காவுக்குப் பாயாசம் குடிப்பது போல. "போனில இலக்கமா வருதுதானே ரீச்சர், முள்ளு மணிக்கூடு என்னத்துக்கு?" என்று ஒரு தகப்பன் கேட்டார்.

"இலக்கம் இப்ப எத்தினை மணி எண்டு மட்டும் சொல்லும் தம்பி. முள்ளு, இன்னும் எவ்வளவு கிடக்கு எண்டதையும் காட்டும். பிள்ளையள் எங்களிட்டக் கேக்கிறது அதைத்தானே" என்றார் அக்கா.

அவருடைய முறை விசித்திரமானது. ஸ்பிரிங்வேலில் மலிவாக ஒரு சுவர் மணிக்கூடு வாங்கி வந்து, குசினி மேசையில் வைத்துப் பெரிய முள்ளைப் பிடுங்கினார். அத்தான் தேத்தண்ணிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"உமக்கென்ன விசரே? புது மணிக்கூட்டை உடைக்கிறீர்."

"உடைக்கேல்லையப்பா. முதல் ஒரு முள்ளு போதும். ரெண்டையும் ஒண்டா விட்டால் பிள்ளை எதைப் பாக்கிறது?"

உண்மைதான். சின்ன முள் மட்டும் இருந்தபோது பிள்ளைகள் ஒரே வாரத்தில் நேரம் சொன்னார்கள். முள் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றால் நாலரை. ஐந்தைத் தொடப் போனால் "ஐந்துக்குக் கிட்ட." சின்ன முள்ளோடு அவர்கள் நன்றாகச் சிநேகமான பிறகே அக்கா பெரிய முள்ளைத் திரும்பப் பூட்டினார். அப்போது யாரும் குழம்பவில்லை, என்னைத் தவிர.

நான் குழம்பிய கதையையும் சொல்ல வேண்டும். மண்டபத்து நிலத்தில் ஒட்டும் நாடாவால் பெரிய வட்டம் போட்டு, சுற்றிவரப் பன்னிரண்டு இலக்கங்களை ஒட்டி, பிள்ளைகளையே முள்ளாக ஓடவிட்டார் அக்கா. பெரிய முள் பிரணவி. ஒல்லியான, கால் தரையில் நில்லாத பிள்ளை. சின்ன முள்ளுக்கு என்னைக் கூப்பிட்டார்.

"ஏனக்கா நான்?"

"கட்டை, குண்டு, மெல்லமாத்தான் அரக்கும். உன்னை விட்டால் இந்த மெல்பேர்ணில ஆரடா இருக்கினம்?"

பிரணவி ஒரு முழு வட்டம் ஓடி முடிப்பதற்குள் நான் ஒரு இலக்கத்திலிருந்து அடுத்த இலக்கத்துக்குப் போகவேண்டும். அவள் ஓடும்வரை நான் நாலில் நின்று ஆறுதலாக மூச்சுவாங்கிவிட்டு, அவள் பன்னிரண்டுக்கு வந்ததும் ஐந்துக்கு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தேன். வகுப்பு முழுவதும் என்மீது பாய்ந்தது.

"மாமா, நீங்கள் ஜம்ப் பண்ணக் கூடாது. அரக்கி அரக்கிப் போகோணும்."

"அவள் ஓடேக்குள்ள நீங்களும் கொஞ்சம் கொஞ்சமா மூவ் பண்ணோணும் மாமா. இல்லாட்டி நாலரையே வராது."

எனக்குப் பட்டம் தந்த பல்கலைக்கழகம் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை.

அந்த வருடம் ஆண்டு விழா வந்தது. பாலர் வகுப்பின் இந்த மணிக்கூட்டு ஆட்டந்தான் முதல் நிகழ்ச்சி. அழைப்பிதழில் நேரத்தை எழுத்தில் போடாமல், ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு அழைப்பிதழில் தானே மணிக்கூட்டை வரையட்டும் என்றார் அக்கா. சின்ன முள் ஐந்தில், பெரிய முள் பன்னிரண்டில். இரண்டையும் ஒரே அளவில் வரைந்த பிள்ளைகளிடம் அட்டை திரும்பிப் போனது. எல்லாம் சரியாக வந்த சனிக்கிழமை, பிரணவி கை தூக்கினாள்.

"ரீச்சர், இது ரியல் அஞ்சா, தமிழ் அஞ்சா?"

"அதென்ன தமிழ் அஞ்சு?"

"நீச்சல் எண்டால் ரியல் ரைம். பள்ளிக்கூடமும் ரியல் ரைம். எங்கட ஃபங்ஷன் எண்டால் அஞ்சு எண்டு போட்டிருக்கும், அம்மா ஆறரைக்குத்தான் சாறி உடுக்கத் துடங்குவா."

மற்றப் பிள்ளைகளுக்கும் வாய் திறந்துவிட்டது. ஒருவனுடைய மாமாவின் பிறந்தநாளில் கேக் வெட்டும்போது அவன் நித்திரையாம். இன்னொருத்தி வீட்டில் தமிழ் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் கூட்டிக் கணக்குப் பார்ப்பார்களாம். சிட்னிப் பெரியப்பா வீடு என்றால் இரண்டு மணித்தியாலமாம்.

அக்கா பிள்ளைகளுக்குச் சொன்னார்: "இது உண்மையான அஞ்சு. பெரிய முள்ளு பன்னிரண்டில வந்து நிக்கத் திரை திறக்கும். நான் சொல்லுறன்."

இந்த வாக்கோடு வீட்டுக்கு வந்தவருக்கு இராச் சாப்பாட்டு மேசையில் அத்தான் ஒரு செய்தி வைத்திருந்தார். பிரதம விருந்தினராக வரவிருந்த நகரசபை உறுப்பினர் ஒரு வெள்ளைக்கார அம்மையார். அவருக்கு ஆறு மணி என்று சொல்லியாகிவிட்டதாம்.

"அழைப்பிதழில அஞ்சு எல்லோ?" என்றார் அக்கா.

"அஞ்சு எண்டு போட்டால்தானே சனம் ஆறுக்கு வரும். வெள்ளைக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்து நிப்பினம், அதால அவவுக்கு ஆறு. கொமிற்றிக்காரருக்கு நாலு."

"அப்ப அஞ்சு மணிக்கு?"

அத்தான் இடியப்பத்தைப் பிசைந்தபடி சொன்னார்: "அஞ்சு மணிக்கு ஒண்டுமில்லை."

நான் சொதிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"பிள்ளையள் கையால வரைஞ்ச அஞ்சு மணியப்பா அது. அதில ஒண்டுமில்லை எண்டால் இனி நான் என்ன முகத்தோட மணிக்கூட்டைத் தூக்கிக் காட்டுறது? முள்ளு பொய் எண்டெல்லோ அதுகள் நினைக்கும்."

"நீர் பாலர் வகுப்பைப் பாரும். விழாவைக் கொமிற்றி பாக்கும்."

அக்கா எழும்பிக் குசினிக்குப் போனார். கோப்பைகளைக் கழுவிய சத்தத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது, திரை ஐந்துக்குத்தான் திறக்கும்.

விழா நாள். உடுப்பு மாற்றவென்று அக்கா பிள்ளைகளை நாலு மணிக்கே வரச்சொல்லியிருந்தார். பெற்றோர் இறக்கிவிட்டு, தாங்கள் வெளிக்கிட வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஐந்தை நெருங்கும்போது மண்டபத்தில் இருந்தவர்கள் ஒலிபெருக்கி பூட்டிய தம்பி, ரோல்ஸ் பொரித்த அன்ரிமார், பஸ்ஸில் வந்ததால் நேரத்துக்கு வந்துவிட்ட ஒரு வயதான தம்பதி. மற்றதெல்லாம் வெறும் கதிரைகள். திரைக் கயிறு என் பொறுப்பில் இருந்தது. சின்ன முள்ளுக்கான கறுப்புச் சட்டையோடு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன்.

அத்தான் மேடைக்கு ஓடி வந்தார். "கயித்தில கை வைச்சாய் எண்டால் வீட்டில சோறில்லை."

அக்கா பிள்ளைகளைத் திருப்பிச் சுவர் மணிக்கூட்டைக் காட்டி, "இப்ப எத்தினை மணி?" என்று மட்டும் கேட்டார்.

"அஞ்சுக்குக் கிட்ட."

"இன்னும் கிட்ட."

பெரிய முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு எல்லாரும் ஒரே குரலில், "அஞ்சு."

அக்கா என் கையிலிருந்து கயிற்றைப் பறித்து இழுத்தார். அது கொஞ்சம் அசைந்து சிக்கிக்கொண்டது. அக்கா மெலிந்த மனிசி. நான் ஒருமுறை அத்தானைப் பார்த்தேன், ஒருமுறை பிள்ளைகளைப் பார்த்தேன், பிறகு கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். என் நிறையால் இந்த உலகத்துக்கு விளைந்த ஒரே நன்மை அன்று விளைந்தது. திரை படாரென்று திறந்தது. அத்தான் தலையில் கைவைத்துக்கொண்டு முதல் வரிசையில் இருந்துவிட்டார்.

வெறும் கதிரைகளுக்கு முன்னால் அந்தப் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தை நான் இன்றுவரை வேறெங்கும் கண்டதில்லை. பிரணவி மேடையைச் சுற்றி ஓட, நான் அரக்கி அரக்கி நகர, மற்றவர்கள் இலக்கங்களாக நின்று தங்கள் முறை வரும்போது கத்த, அந்த வயதான ஐயா எழுந்து நின்று கைதட்டினார். சொன்ன நேரத்துக்குச் சொன்னது நடந்த சந்தோசம் அந்த முகங்களில் இருந்ததே, அதை எழுத என்னிடம் தமிழ் இல்லை.

ஆறு மணிக்குப் பிறகுதான் சனம் வந்தது. நகரசபை அம்மையார் அத்தான் சொன்ன ஆறுக்குச் சரியாக வந்து விளக்கேற்றினார். பிரணவியின் அம்மா பட்டுச் சேலை, கமரா, அதை நிறுத்தும் முக்காலி எல்லாவற்றோடும் வந்து என்னைக் கேட்டார்.

"தம்பி, பாலர் வகுப்பு எப்ப?"

"முடிஞ்சுதக்கா."

அதன்பிறகு கேட்டவற்றில் பாதியை இந்த மலரில் அச்சிட முடியாது. இன்னும் பல பெற்றோர் சேர்ந்துகொண்டார்கள். "திருப்பிச் செய்யச் சொல்லுங்கோ, நாங்கள் வீடியோ எடுக்கோணும்" என்று ஒரே குரல். அத்தானும் "ஒருக்கால் செய்தால் என்ன?" என்றார்.

"பிள்ளையளைக் கேளுங்கோ," என்றார் அக்கா.

பிள்ளைகள் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். பிரணவி வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, அஞ்சு மணி போயிட்டுது. நெக்ஸ்ட் இயர் திருப்பி வரும். அப்ப வாங்கோ."

அந்தத் தாய் சேலையோடு பின்வரிசைக் கதிரையில் இருந்து அழுதார். பிரணவி போய் அவருடைய மடியில் ஏறிப் பாதி ரோல்ஸைக் கொடுத்தாள். அக்காவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அன்றிரவு வீட்டில் அவர் சாப்பிடவில்லை. "பிழை விட்டுட்டனோடா?" என்று என்னைக் கேட்டார்.

கொமிற்றி விசாரணைக் கூட்டம் வைத்தது. அக்கா பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டது போலத்தான் பேச்சு அடிபட்டது. மன்னிப்புக் கேட்டால் பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்குப் பிழையாகிவிடும். வகுப்பை விட்டால் அக்காவின் சனிக்கிழமைகளில் ஒன்றுமில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் பெரியவர்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

கூட்டம் ஏழு மணிக்கு. அக்கா ஏழுக்குப் போய் இருந்தார். அவரைக் காரில் கொண்டுபோனபடியால் நானும், தலைவர் என்றபடியால் அத்தானும் இருந்தோம். வேறு ஒரு கொமிற்றிக்காரரும் இல்லை. ஆனால் கதவைத் திறந்துகொண்டு பிரணவியின் அம்மா வந்தார். முறைப்பாடு கொடுத்தவர்களில் முதலாவது ஆள் அவர்.

அவர் கதிரையை இழுத்து அக்காவுக்கு எதிரில் போட்டு இருந்தார். "ரீச்சர், எனக்கு முள்ளு பாக்கத் தெரியாதெண்டு மகள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரியிறாள். ஒட்டும் நாடாவில வீட்டு ஹோலில வட்டம் போட்டு என்னைச் சின்ன முள்ளா நிக்க வைக்கிறாள். நான் முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கிறன். தயவுசெய்து அவளை நிப்பாட்டச் சொல்லுங்கோ."

அக்கா சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. அந்த அம்மாவும் சிரித்தார். பிறகு அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பி, தலைவரைப் பார்த்துச் சொன்னார்:

"ஏழு மணிக்கு வரச்சொன்னியள், வந்தனான். முறைப்பாடு தந்தவவும் வந்தவ, திருப்பி எடுத்திட்டா. விசாரிக்கத்தான் ஒருத்தரையும் காணேல்லை. நான் போயிட்டு வாறன்."

எட்டரைக்கு வந்து சேர்ந்த கொமிற்றிக்காரர்களுக்கு அத்தான் வழக்கு முடிந்துவிட்டது என்று அறிவித்தாராம். வீட்டுக்கு வந்தவர் அக்காவுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அது பெரிய சமாதான உடன்படிக்கை.

அடுத்த வருட விழாவுக்கும் பிள்ளைகள் ஐந்து மணி வரைந்தார்கள். பெற்றோர் நாலரைக்கே வந்து, பூட்டிய மண்டபத்துக்கு வெளியே மெல்பேர்ண் குளிரில் பட்டுச் சேலைகளோடு நடுங்கிக்கொண்டு நின்றார்கள். அக்கா யன்னலால் பார்த்து, "பாவமடா" என்றார். சந்தோசத்தில் அவருடைய குரலே மாறியிருந்தது. அதற்குப் பிறகும் பல வருடங்கள் பாலர் வகுப்பு அவருடையதாகவே இருந்தது. நானும் பல வருடங்கள் சின்ன முள்ளாக இருந்தேன், ஒவ்வொரு வருடமும் முள் தடித்துக்கொண்டே போனது.

நோய் வந்த பிறகும் அக்கா தன் குணத்தை விடவில்லை. மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு எங்கள் ஆட்கள் பாத்திரங்களோடு வந்து தாதிமாரிடம் கெஞ்சுவதைக் கட்டிலில் கிடந்தபடி கேட்டுச் சிரிப்பார். வலி கூடிய நாள்களில் என்னைக் கூப்பிட்டு, "ஏதாவது விசர்க் கதை சொல்லு" என்பார். நான் சொல்வேன். கடைசிக் கிழமையில் அவர் கண்ணைத் திறக்காமலே என் கதைகளைக் கேட்டார். துளசியும் அத்தானும் பக்கத்தில் இருக்க, நோவில்லாமல் எங்களை விட்டுப் போனார்.

இறுதிக் கிரியைக்கு மண்டபக்காரர் தந்த நேரம் பத்தரை. எங்களுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம் காத்திருக்கும், பிந்த முடியாது. அறிவித்தலை அடிக்க நான் இருந்தபோது, சுற்றிவர நின்ற எல்லாரும் ஒரே ஆலோசனை சொன்னார்கள்: "ஒன்பதரை எண்டு போடு. அப்பத்தான் எங்கட சனம் பத்தரைக்கு வரும்." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அக்கா போனதிலிருந்து மூலைக் கதிரையே கதியென்று இருந்த அத்தான் தலையை நிமிர்த்தினார்.

"பத்தரை எண்டு போடு. அவவின்ர பேரில பொய் நேரம் போட வேண்டாம்."

அப்படியே போட்டேன். அன்றிரவு முழுவதும் வெறும் மண்டபம்தான் என் கண்ணில் நின்றது.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும், தாதியர்களுக்கும், மாதக் கணக்கில் எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த நண்பர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயாவுக்கும், கேரம் டவுன்ஸ் கோயிலில் அக்காவுக்காகப் பூசை செய்வித்தவர்களுக்கும், சிட்னியிலிருந்தும் கடல் கடந்தும் வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் பழைய மாணவர்களுக்கும், பிரணவிக்கும் அவளுடைய அம்மாவுக்கும் தனியாக ஒரு நன்றி.

எல்லாருக்கும் சேர்த்து இன்னுமொன்று சொல்ல வேண்டும். அன்று பத்தரைக்கு நான் திரும்பிப் பார்த்தபோது மண்டபத்தில் ஒரு கதிரைகூட மிச்சமில்லை. பின்னால் சுவர் ஓரமாகவும் ஆட்கள் நின்றார்கள், வாசலில் ஒருவரும் ஓடி வரவில்லை. அத்தானும் திரும்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என் காதுக்குள் சொன்னார்:

"இவ்வளவு சனமும் நேரத்துக்கு வந்தது எண்டு சொன்னால் அவ நம்பமாட்டாவடா."